பனியன் கம்பெனியில் ஏழு திரைகளும் நான்கு ஸ்டிக்கர் பிரிண்டர்களும்

சென்ற மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திருப்பூரில் கோடை மழை இடியோடு இறங்கி, எங்கள் பகுதியில் முக்கால் மணி நேரம் மின்சாரம் நின்றுபோனது. மின்சாரம் திரும்பியதும் விளக்குகள் எரிந்தன, தையல் மெஷின்கள் ஓடத் தொடங்கின, ஆனால் பேக்கிங் பிரிவில் ஒரு ஸ்டிக்கர்கூட அச்சாகவில்லை. அன்றிரவு தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டிய கன்டெய்னரில் ஏற்றுவதற்கு இன்னும் 140 அட்டைப்பெட்டிகள் ஸ்டிக்கர் இல்லாமல் வரிசையாக நின்றன. "ஏங் கண்ணு, பிரிண்டர்ல பச்சை லைட்டு எரியுது, ஸ்டிக்கர் மட்டும் நகரவே மாட்டேங்குது" என்று பேக்கிங் பொறுப்பில் இருக்கும் அக்கா போனில் அழைத்தார். "இதோ வந்துட்டனுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கேபிளை மாற்றினேன், டிரைவரை அழித்து மீண்டும் நிறுவினேன், கணினியையும் ஒரு முறை அணைத்துப் போட்டேன். நாற்பது நிமிடங்களுக்குப் பிறகுதான் பிரிண்டரின் அமைப்புத் தாளை அச்சிட்டுப் பார்க்கத் தோன்றியது. அதில் பிரிண்டரின் வலைப்பின்னல் முகவரி 169.254 என்று தொடங்கியிருந்தது. எங்கள் வலைப்பின்னலில் எல்லா முகவரிகளும் 192.168.10 என்று தொடங்குபவை. மின்சாரம் வந்த இருபது நொடிகளில் பிரிண்டர் எழுந்துவிட்டது, முகவரி வழங்கும் ரவுட்டர் எழுந்திருக்க இரண்டு நிமிடங்கள் பிடித்தன. முகவரி கேட்டும் பதில் கிடைக்காத பிரிண்டர், அத்தகைய நேரத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட 169.254 வரிசையிலிருந்து ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டது. கணினியோ பழைய முகவரிக்கே அச்சு வேலைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. பிரிண்டரை ஒரு முறை அணைத்துப் போட்டதும் எல்லாம் ஓடியது.

ஒன்பது ஆண்டுகளாக இந்தக் கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கட்டிங் ஒரு கட்டடம், தையலும் செக்கிங்கும் ஒரு கட்டடம், அயர்னிங்கும் பேக்கிங்கும் குடோனும் ஒரு கட்டடம், காங்கயம் பக்கத்தில் ஒரு சிறிய கிளை. இவற்றில் பரவிக் கிடக்கும் ஏழு திரைகள், நான்கு ஸ்டிக்கர் பிரிண்டர்கள், இரண்டு எடை மெஷின்கள், கையொப்பமிடும் தனிச்சாவியைத் தனக்குள் வைத்திருக்கும், பென்டிரைவ் போன்ற ஒரு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றை வலைப்பின்னல் வழியாக இணைத்துக் காப்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி. இந்த ஆண்டுகளில் நான் தெளிவாகப் பிடித்துக்கொண்ட முறை ஒன்று உண்டு. ஒரு கருவி செய்ய வேண்டிய வேலையைக் கூடியவரை அந்தக் கருவிக்கு அருகிலேயே செய்யவிட வேண்டும். வலைப்பின்னலில் போக வேண்டியது சுருக்கமான செய்தி மட்டுமே. தொலைவில் வரைந்து முடித்த படத்தையும் தொலைவில் தயாரித்த முழுப் பக்கத்தையும் கம்பி வழியே இழுத்துக்கொண்டு வரும் ஏற்பாடுகள் நல்ல நாளில் ஓடும், கன்டெய்னர் காத்திருக்கும் நாளில் நின்றுவிடும்.

திரைகளில்தான் இதை முதலில் கற்றேன். ஒவ்வொரு தையல் லைனின் தலைப்பிலும், அந்த மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் இலக்கு, எத்தனை முடிந்தது, செக்கிங்கில் எத்தனை திரும்பியது என்று ஒரு டிவியில் காட்ட வேண்டும் என்று முதலாளி விரும்பினார். தொடக்கத்தில், உற்பத்தி அலுவலகக் கணினியிலிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளைப் பிரித்து இருபது மீட்டர் தூரத்துக்கு இழுத்தோம். படம் அவ்வப்போது மினுங்கியது, சில நாட்களில் வரவே இல்லை. அதன் பிறகு, ஒரு கணினியின் திரையை வலைப்பின்னல் வழியே வேறு இடத்தில் காட்டும் விஎன்சி முறைக்கு மாறினோம்.

விஎன்சி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில் 1990களில் பிறந்தது. அதன் நெறிமுறை 2011இல் ஆர்எஃப்சி 6143 என்ற எண்ணில் பொது ஆவணமாக வெளியானது. ஒரு கணினியின் திரையில் எந்தச் செவ்வகப் பகுதி மாறியதோ அந்தப் பகுதியின் புள்ளிகளை மட்டும் மறுமுனைக்கு அனுப்புவது அதன் அடிப்படை. அப்படிச் சிக்கனம் செய்தே ஆக வேண்டும். 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படம் என்று வைத்துக்கொண்டால் ஒரே திரைக்கு நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட் ஆகிறது. கிகாபிட் கேபிள் சுமப்பது 100 கோடி பிட். ஆகவே சுருக்காமல் எதுவும் போக முடியாது. அசையாத எண்களைக் காட்டும் பலகைக்கு விஎன்சி நன்றாகவே வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அது ஒரு கணினியின் திரையை அப்படியே ஏழு இடங்களில் காட்டுவது. எட்டு மாதங்கள் ஓடிய பின், ஒரு சனிக்கிழமை மாலை, வாரச் சம்பளப் பட்டியலைச் சரிபார்ப்பதற்காக அந்தக் கணினியில் ஒருவர் கோப்பைத் திறந்தார். பெயரோடும் தொகையோடும் அந்தப் பட்டியல் ஏழு டிவிகளிலும் தெரிந்துவிட்டது. இரண்டு நிமிடங்களில் மூடிவிட்டார்கள். இருந்தாலும், யாருக்கு எவ்வளவு பிடித்தம், யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பதை முந்நூறு பேர் பார்த்துவிட்டார்கள். அந்தத் தவறு கோப்பைத் திறந்தவருடையது அல்ல, அப்படி ஓர் இணைப்பை ஏற்படுத்திய என்னுடையது. அந்த வாரமே விஎன்சி இணைப்புகளை நீக்கினேன்.

மாற்று வழியைத் தேடியபோது, யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளின் திரையில் படம் வரையும் எக்ஸ் விண்டோ முறையைப் பற்றி மீண்டும் படித்தேன். அமெரிக்காவின் எம்ஐடியில் 1984இல் தொடங்கி, 1987இல் பதினொன்றாம் பதிப்பை அடைந்த அந்த முறையில் சர்வர் என்ற சொல் இருக்கும் இடம் பலருக்கு வியப்பாக இருக்கும். வழக்கமாகத் தொலைவிலுள்ள பெரிய கணினியைத்தான் சர்வர் என்போம். இங்கோ நிரல் தொலைவிலுள்ள பெரிய கணினியில் ஓடும், திரையும் விசைப்பலகையும் இருக்கும் இடத்தில் ஓடுவதே சர்வர். இங்கே ஒரு கோடு வரை, அங்கே இந்த எழுத்தைப் போடு என்ற ஆணைகள் மட்டுமே வலைப்பின்னலில் வரும், வரைவது திரைக்கு அருகிலிருக்கும் கணினி. அக்காலத்தின் மெதுவான கம்பிகளுக்கு அது பொருத்தமாக இருந்தது. பாதுகாப்புக் காரணத்தால் இப்போது பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் எக்ஸ் நேரடியாக வலைப்பின்னலைக் கேட்பதில்லை, பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் இணைப்பின் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். எக்ஸுக்கு மாற்றாக 2008இல் தொடங்கிய வேலண்ட் முறையின் வடிவமைப்பில் அப்படித் தொலைவிலிருந்து வரையும் வழியே இல்லை. முறை பழையதாகிவிட்டது என்றாலும், திரை இருக்கும் இடத்தில் வரைய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அப்படியே பயன்பட்டது.

இப்போது ஒவ்வொரு டிவியின் பின்புறமும் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுச் சிறுகணினி ஒன்று இருக்கிறது. அது எங்கள் உள் சர்வரிலிருந்து ஒரு வலைப்பக்கத்தை முழுத்திரையில் திறந்து வைத்துக்கொண்டு, அரை நிமிடத்துக்கு ஒரு முறை எண்களை மட்டும் வாங்கித் தானே வரைகிறது. ஒரு முறைக்கு இரண்டு கிலோபைட்டுக்கும் குறைவாகவே தகவல் வருகிறது. மூன்றாம் லைனின் பலகையில் மூன்றாம் லைனின் கணக்கு மட்டும் தெரியும், வேறு எதுவும் தெரிவதற்கு வழியே இல்லை.

இணைப்பது இரண்டு நாள் வேலையாக இருந்தது, நிலையாக ஓட வைக்க ஓர் ஆண்டு பிடித்தது. பனியன் கம்பெனியில் பஞ்சுத்தூசி எங்கும் பறக்கும். மின்விசிறி வைத்த பெட்டிகள் மூன்றே மாதங்களில் அடைத்துக்கொண்டன, ஆகவே விசிறி இல்லாத அலுமினியப் பெட்டிக்கு மாறினோம். மின்சாரம் திடீரென்று நிற்கும்போது மெமரி கார்டுகள் பழுதாயின, ஆகவே இயங்குதளத்தைப் படிக்க மட்டும் என்ற நிலையில் பூட்டினேன். டிவியை அணைத்து வைத்திருக்கும்போது சிறுகணினி எழுந்தால், டிவி தன் திறனைச் சொல்லும் விவரக்குறிப்பு அதற்குக் கிடைக்காமல் போய், படமே வராமலோ சிறிய அளவில் வந்தோ நின்றுவிடும். எச்டிஎம்ஐ வெளியீட்டையும் அளவையும் அமைப்புக் கோப்பில் கட்டாயமாக எழுதிவைத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. நாங்கள் வைத்திருக்கும் மாடல்களில் கடிகார பேட்டரி இல்லை. மின்வெட்டுக்குப் பின் இணையமும் இல்லாமல் எழுந்தால் நேரம் தவறாக இருக்கும், பதினொரு மணிக் கணக்கு ஒன்பது மணிக் கட்டத்தில் போய் உட்காரும். அதற்காக உள் சர்வரையே நேரம் சொல்லும் சர்வராகவும் ஆக்கினேன்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. சர்வரோடு தொடர்பு அறுந்துபோனால் பலகை தன் கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஒரு முறை இப்படி ஒன்றரை மணி நேரம் நின்றுபோன எண்ணைப் பார்த்து, ஒரு லைன் சூப்பர்வைசர் தையல்காரப் பெண்களைக் கடிந்துகொண்டார். அவர்கள் இலக்கைத் தாண்டியிருந்தார்கள். பழைய எண்ணைப் புதியது போலக் காட்டும் திரை, அணைந்து கிடக்கும் திரையைவிடக் கெடுதலானது. இப்போது இரண்டு நிமிடங்கள் தகவல் வராவிட்டால் எண்கள் சாம்பல் நிறத்துக்கு மாறி, எந்த நேரத்துக் கணக்கு என்பதும் மேலே தெரியும்.

பிரிண்டருக்கு வருகிறேன். அட்டைப்பெட்டி ஸ்டிக்கர் 100 மில்லிமீட்டர் அகலமும் 150 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. எங்கள் பிரிண்டர்கள் அங்குலத்துக்கு 203 புள்ளி, அதாவது மில்லிமீட்டருக்கு 8 புள்ளி அச்சிடுபவை. முழு ஸ்டிக்கரையும் படமாக அனுப்பினால் 800க்கு 1200 புள்ளி, சுருக்காத நிலையில் 1,20,000 பைட். அதே ஸ்டிக்கரைப் பிரிண்டரின் சொந்த ஆணைமொழியில், இந்த இடத்தில் இந்த எண்ணுக்குப் பார்கோடு போடு, இங்கே ஸ்டைல் எண், இங்கே அளவு, இங்கே பீஸ் எண்ணிக்கை என்று எழுதினால் ஐந்நூறு பைட்டுகளில் முடிந்துவிடுகிறது. வேகத்தைவிடப் பெரிய ஆதாயம் பார்கோட்டின் தரத்தில் இருக்கிறது. படமாக அனுப்பும்போது அளவு கொஞ்சம் சுருங்கினாலும், பார்கோட்டின் கோடுகள் முழுப்புள்ளிகளில் அமையாமல் ஒன்று தடித்தும் அடுத்தது மெலிந்தும் போகும், ஸ்கேனர் படிக்காது. பிரிண்டரே வரைந்தால் ஒவ்வொரு கோடும் புள்ளிக் கணக்கில் சரியாக நிற்கும். ஸ்கேனர் படிக்காத பெட்டி வாங்குபவரின் கிடங்கில் திரும்பி நின்றால் அதற்கான செலவு ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும் என்பதைத் திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கருவி வலைப்பின்னல் தகவலை வாங்கும் எண்ணிட்ட வாசலைப் போர்ட் என்பார்கள். இத்தகைய பிரிண்டர்கள் பெரும்பாலும் 9100 என்ற போர்ட்டில் வேலையை வாங்கிக்கொள்கின்றன. அது மிக எளிய வழி, வந்ததை அப்படியே அச்சிடும். அந்த எளிமையே குறையும்கூட. பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கணினியின் இணைப்பைத்தான் அது ஏற்கும், யார் அனுப்பினார், எத்தனை அச்சானது என்ற பதிவும் இருக்காது. மூன்று கணினிகள் ஒரே பிரிண்டருக்கு நேரடியாக அனுப்பும் பழக்கத்தை நிறுத்திவிட்டு, உள் சர்வரில், அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும், 1999 முதல் புழக்கத்தில் இருக்கும் கப்ஸ் நிரலை அமைத்து, எல்லா வேலைகளும் அதன் வரிசையில் நின்று போகும்படி செய்தேன். ஒரு பிரிண்டர் படுத்துவிட்டால் அதன் வரிசையைப் பக்கத்துப் பிரிண்டருக்குத் திருப்பிவிடுவது ஒரு நிமிட வேலை. முகவரிகளை நான்கு பிரிண்டர்களிலும் நிலையாக எழுதி, அதே முகவரிகளை ரவுட்டர் வேறு யாருக்கும் வழங்காதபடி ஒதுக்கி, ஒவ்வொரு பிரிண்டரின் நெற்றியிலும் அதன் முகவரியை ஒரு ஸ்டிக்கராகவே ஒட்டியிருக்கிறேன். ரவுட்டருக்கும், வலைப்பின்னல் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்ச்களுக்கும் தனி யூபிஎஸ் போட்டாயிற்று. மே மாதத்து மாலைக்குப் பின் நடந்த ஆறு மின்வெட்டுகளில் பேக்கிங் பிரிவிலிருந்து எனக்குப் போன் வரவில்லை.

எடை மெஷின் கதை சிறியது. சாயம் போடும் டையிங்கிலிருந்து வரும் துணி ரோல்களைக் குடோன் வாசலில் எடை போடுகிறோம். மெஷினிலிருந்து வருவது எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் பழைய ஆர்எஸ்-232 தொடர்கம்பி, அது பதினைந்து மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல, அலுவலகமோ அறுபது மீட்டர் தள்ளி இருக்கிறது. மெஷினுக்கு அருகில் ஒரு சிறுகணினி வைத்து, அந்தத் தொடர்கம்பியின் எழுத்துகளை வலைப்பின்னலில் தரும் செர்டுநெட் நிரலை ஓட்டினேன். நொடிக்கு 9600 பிட் என்பது அதிகபட்சம் 960 எழுத்துகள், எந்த வலைப்பின்னலுக்கும் அது சுமையே அல்ல. கவனிக்க வேண்டியது, ரோலை வைத்தவுடன் ஊசலாடும் எடையையும் மெஷின் அனுப்பிக்கொண்டிருக்கும் என்பதுதான். எடை நிலைத்துவிட்டது என்ற குறியோடு வரும் வரியை மட்டும் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் டையிங்காரரோடு கிலோக்கணக்கில் வழக்கு வரும்.

டோக்கன் அப்படி எளிதாக முடியவில்லை. ஏற்றுமதி ஆவணங்களில் கையொப்பமிடும் யூஎஸ்பி டோக்கன் முன்பு கணக்குப் பிரிவுக் கணினியில் செருகியிருந்தது. பங்குதாரர் கோயம்புத்தூரில் தன் வீட்டிலிருந்து, விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ஆர்டிபி வழியாக அந்தக் கணினியில் நுழைந்து கையொப்பமிட முயன்றபோது டோக்கன் இல்லை என்றே வந்தது. பழுது எதுவும் இல்லை. ஆர்டிபி அமர்வில் ஸ்மார்ட் கார்டை (சிப் பொருத்திய அடையாள அட்டையை) தேடும்போது, விண்டோஸ் பயன்படுத்துபவர் முன்னால் இருக்கும் கணினியில்தான் தேடும், அலுவலகக் கணினியில் செருகியதைக் காட்டாது. டோக்கனும் ஸ்மார்ட் கார்டாகவே எண்ணப்படுவதால் அதற்கும் இதே விதிதான். டோக்கன் அவர் கையில் இருந்து, அவர் வீட்டுக் கணினியில் செருகப்பட்டிருந்தால், அதே ஆர்டிபி அதை அலுவலகக் கணினிக்கு அழகாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கும்.

யூஎஸ்பி சாதனங்களை வலைப்பின்னலில் நீட்ட இன்னொரு வழியும் இருக்கிறது. யூஎஸ்பி 2.0 கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் போகாது. அந்த எல்லையைத் தாண்ட, ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாகி 2005இல் ஆய்வுக்கட்டுரையாக வந்த யூஎஸ்பி/ஐபி முறை, இன்று லினக்ஸின் மையமான கெர்னலின் பகுதியாக இருக்கிறது. ஒரு கணினியில் செருகிய சாதனத்தை 3240 என்ற போர்ட் வழியாக இன்னொரு கணினி தன்னுடையது போலவே பிடித்துக்கொள்ளும். ஸ்கேனரை இப்படிப் பகிர்ந்து பார்த்தேன், நன்றாக ஓடியது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்க முடியும், போகும் தகவல் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுவதில்லை என்ற இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும். டோக்கனை இந்த வழியில் பகிரச் சொல்லி அலுவலகத்தில் கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 42ஆம் பிரிவு, கையொப்பத்தின் தனிச்சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை அதன் உரியவர் மீதே வைக்கிறது. வலைப்பின்னலில் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும்படி டோக்கனைத் தொங்கவிடுவது அந்தப் பொறுப்போடு ஒத்துப்போகாது என்பது என் உறுதியான கருத்து. பங்குதாரர் இப்போது டோக்கனைத் தன்னோடு எடுத்துச் செல்கிறார்.

கட்டடங்களுக்கு இடையே முன்பு செம்புக் கேபிள்தான் தொங்கியது. ஈதர்நெட் செம்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர், எங்கள் தூரம் எழுபதுதான், ஆகவே கணக்குப்படி குறை இல்லை. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் இடி மின்னல் நாட்களில் ஸ்விட்சில் கேபிள் செருகும் துளைகள் கருகின, ஒரு முறை ஒரு ஸ்டிக்கர் பிரிண்டரின் பலகையே போயிற்று. இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கு இடையே எழும் மின்னழுத்த வேறுபாடு செம்பின் வழியே பாய்கிறது. கண்ணாடி இழைக் கேபிளுக்கு மாறிய பின் அந்தச் சேதம் முழுவதுமாக நின்றது. அம்மியும் பறக்கும் என்று சொல்லும் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே நம் பக்கம் வீசுவது தெரிந்ததுதான், ஆகவே அந்த இழையைத் தொங்கவிடாமல் குழாயில் போட்டு மண்ணுக்குள் புதைத்தோம்.

வெளியிலிருந்து இவற்றை நிர்வகிக்கும் வழியைப் பற்றி ஒரு சொல். ஆர்டிபியின் 3389 போர்ட்டை ரவுட்டரில் இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைத்திருக்கும் அலுவலகங்களை நம் ஊரில் இன்றும் பார்க்கிறேன். 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை, பழைய விண்டோஸ் பதிப்புகளில் கடவுச்சொல் இல்லாமலே அந்த வழியாக உள்ளே நுழைய இடம் கொடுத்தது. விஎன்சியின் அடிப்படைக் கடவுச்சொல் முறையோ எட்டு எழுத்துகளுக்கு மேல் கணக்கிலேயே எடுப்பதில்லை. திரை, பிரிண்டர், எடை மெஷின் எதுவும் இணையத்துக்குத் தெரியக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2020 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் வயர்கார்டு என்ற, இணையத்துக்குள் மறைவான தனிப்பாதை அமைக்கும் சுரங்கத்தின் வழியாகத்தான் நானும் காங்கயம் கிளையும் உள்ளே வருகிறோம். கிளையின் இணைய இணைப்புக்குப் பொது முகவரி இல்லை, 100.64 என்று தொடங்கும், பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவான இணைப்புக்குள் இருக்கும் பகிர்ந்த முகவரிதான் கிடைக்கிறது. அதனால் கிளையிலிருந்து இங்கே அழைப்பது போல அமைத்து, இருபத்தைந்து நொடிக்கு ஒரு முறை ஒரு சிறு தகவல் பொட்டலத்தை அனுப்பி இணைப்பை உயிரோடு வைத்திருக்கிறோம்.

இன்னும் ஒரு கருவி மட்டும் வலைப்பின்னலுக்கு வெளியே நிற்கிறது. ஜாப் வொர்க்குக்குப் போகும் துணிகளுக்கு மூன்று படி (நகல்) டெலிவரி சலானை அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அது, கட்டிங் பிரிவின் பழைய கணினியோடு யூஎஸ்பி கம்பியில் கட்டிக்கிடக்கிறது. லேசரில் மூன்று படி எடுக்கலாமே என்கிறார்கள். வண்டிக்காரர் ஒரே தாளில் போடும் கையெழுத்து மூன்று படியிலும் விழ வேண்டும் என்பதால் அதைக் கைவிட முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதன் பக்கத்தில் ஒரு சிறுகணினியை வைத்து, கப்ஸ் வரிசையில் சேர்த்து, வெற்று எழுத்துகளை மட்டும் அனுப்பி அச்சிட்டுப் பார்க்கப் போகிறேன். நெற்றியில் ஒட்டுவதற்கு அதன் முகவரியை ஏற்கெனவே அச்சிட்டு வைத்துவிட்டேன்.